பிறகு பார்ப்போம் என்ற கணக்கு

நான்கு வியாபாரிகள் சேர்ந்து, வேன் பிடித்து, புறக்கோட்டைக்குச் சாமான் எடுக்கப் போகிறோம். வேன் கூலியை ஒருவர் கொடுக்கிறார். சாப்பாட்டுக்கு மற்றவர், நாட்டாமிமாருக்கு இன்னொருவர். "பிறகு பார்ப்போம் நானா" என்று பேச்சு முடிகிறது. அந்தப் 'பிறகு' வருவதேயில்லை. கேட்கவும் வெட்கம், கேட்காவிட்டால் மனதில் கசப்பு. இப்படி ஒரு பழைய நண்பரை நானும் இழந்திருக்கிறேன்.

இன்று ஸ்பிளிட்வைஸ் போன்ற செயலிகள் கைத்தொலைபேசியிலேயே உள்ளன. யார் எவ்வளவு கொடுத்தார் என்று பதிந்தால், யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதைக் காட்டிவிடும். ஆனால் எது நீதியான பங்கு என்பதை நாமே தீர்மானிக்க வேண்டும்.

வேன் கூலி 24,000 ரூபாய் என வைத்துக்கொள்வோம். சமமாகப் பிரித்தால் தலைக்கு 6,000. ஒருவரது சாமான் பாதி வேனை நிரப்பினால்? அவர் 12,000 கொடுப்பதும், மற்ற மூவரும் 4,000 வீதம் கொடுப்பதுமே நியாயம். செயலியில் இரு விதமாகவும் பிரிக்கலாம். எந்த விதம் என்பதைப் புறப்படுமுன் பேசிக்கொள்ள வேண்டும்.

நண்பர்களுக்குள் எழுதுவது நம்பிக்கையீனம் அல்லவா என்று சிலர் கேட்கலாம். அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமான சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம், கடனை எழுதிவைப்பது பற்றியதுதான்.

விட்டுக்கொடுப்பது நல்ல குணம். ஆனால் தொகையை அறிந்து, மனம் விரும்பி விட்டுக்கொடுக்க வேண்டும். வெட்கத்தால் விட்ட பணம் மனதை விட்டுப் போகாது.