பிளம் வேறு, நாவல் வேறு

மடவார் வளாகத்தில் கூடி வாசிக்கும் எங்களிடையே, அண்மையில் ஒரு சீனக் கவிதையின் தமிழாக்கத்தை முன்னிட்டுப் பெரும் சண்டை மூண்டது. அதில், பனி பெய்யும் இரவில் நாவல் மரம் பூக்கிறது! ஆங்கில வழியாக வந்த கவிதை, 'பிளம்' நாவலாகிவிட்டது. "வாசகருக்குப் புரிந்தால் போதும், கவிதைக்குத் தாவரவியல் எதற்கு?" என்கிறார்கள் அதை ஆதரிக்கும் நண்பர்கள். இவ்வாதத்தை நாங்கள் முற்றாக மறுக்கிறோம்.

நாவல், இலை அடர்ந்து நிற்கையிலேயே பூக்கும். இதழ்கள் தொப்பிபோல் கழன்று விழ, மகரந்தத் தாள்களே எஞ்சும். சீனக் கவிஞர்கள் பாடிய மரமோ ப்ரூனஸ் மூமே. இலையற்ற கிளையில், குளிர் விலகுமுன் ஐந்து இதழ் விரிப்பது. அந்த வெற்றுக் கிளைதான் கவிதை. வேடிக்கை என்னவெனில், 'பிளம்' என்பதே அங்குச் சரியன்று. மூமே ஆப்ரிகாட்டுக்கே நெருங்கிய உறவு. ஆக, நாம் செய்தது பிழையின் மொழிபெயர்ப்பு.

நாவலை 'ஜாவா பிளம்' என்றும் இலந்தையை 'இந்தியன் பிளம்' என்றும் அழைத்தவர்கள் ஆங்கிலேயர்கள். கண்ட உருண்டைப் பழமெல்லாம் அவர்களுக்குப் பிளம். நாவலோ கொய்யாவுக்கும் கிராம்புக்கும் உறவு. பிளம், பீச், செர்ரி, பாதாம் ஆகியவை ரோஜாக் குடும்பத்து ப்ரூனஸ் பேரினம்.

லின்னேயஸ் 1753இல் நாவலையும் பிளம்மையும் ஒரே வகுப்பில் வைத்தாரே என்று நண்பர்கள் கேட்கலாம். வைத்தார்தான்; மகரந்தத் தாள்களை எண்ணிப் பிரித்த அடுக்கு அது. 1789இல் ஜூஸ்யூ இரண்டையும் வெவ்வேறு குடும்பங்களில் வைத்துவிட்டார்.

சதைக்குள் ஒற்றைக் கொட்டை என்னும் ஒற்றுமையும் உதவாது. பிளம் உள்ளோட்டுத் தசைக்கனி. ராஜபாளையத்துச் சப்பட்டை மாம்பழமும் அவ்வகையே; வேப்பம்பழமும் அவ்வகையே. பனியில் வேம்பு பூத்ததாக எழுதுவார்களா? நாவற்பழத்துக்கோ அந்த உள்ளோடுகூடக் கிடையாது.

சொல் இல்லையென்பதும் பொய். உலர்ந்த பிளம்மை நம் நாட்டு மருந்துக் கடைகளில் 'ஆல்பக்கோடா' என்றே கேட்டு வாங்குகிறோம். புகாரா நகரின் பெயர் அதில் ஒட்டிக்கிடக்கிறது. போதாக்குறைக்கு, மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளில் ப்ரூனஸ் சிலானிகா என்றொரு சொந்தக்கார மரமே நிற்கிறது. பைஜியம் என்ற தனிப் பேரினமாகக் கருதப்பட்டுவந்த அதன் கூட்டத்தை 1965இல் கால்க்மன் ப்ரூனஸுக்குள் சேர்த்தார்.

மறுபதிப்பு வருமாயின் 'மூமே' என்றே அச்சிட்டு, அடிக்குறிப்பு ஒன்று தரட்டும். நாவல் மரத்தை அதன் ஓடைக்கரையிலேயே விட்டுவிடலாம்.