பி செல் மீதான வழக்கு

மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் நோயில் நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையை உடலின் நோயெதிர்ப்புச் செல்களே சிதைக்கின்றன. நெடுங்காலம் பழி பெரும்பாலும் டி செல்கள் மீதே விழுந்தது. அவற்றைச் செலுத்தி எலிகளுக்கு இதையொத்த நோயை வரவழைக்க முடிந்ததால் அப்படி நினைத்ததில் வியப்பில்லை. நோயெதிர்ப்புச் செல்களில் இன்னொரு வகையான பி செல்களை அழிக்கும் ரிட்டுக்சிமாப் என்ற மருந்தைப் பற்றி 2008இல் வெளியான ஆய்வு கணக்கை மாற்றியது. 104 பேரே பங்கேற்ற சிறிய ஆய்வுதான். ஆனால் பி செல்களை அழித்ததும் மூளை ஸ்கேனில் தெரியும் அழற்சிப் புண்கள் 90 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தன. பி செல்கள் போனால் ஆன்டிபாடி குறையும், அதனால்தான் நோய் தணிந்தது என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் அது பொருந்தாது. ஆன்டிபாடியைச் சுரந்து தள்ளும் பிளாஸ்மா செல்களில் இம்மருந்து பற்றிக்கொள்ளும் சிடி20 புரதம் இல்லை, அவை தப்பிவிடுகின்றன. ஆன்டிபாடி பெரிதாக இறங்காமலே 12ஆம் வாரத்தில் பலன் தெரிந்தது. ஆகவே பி செல்கள் டி செல்களுக்கு இலக்கைக் காட்டித் தூண்டிவிடுகின்றன என்பதே எனக்கு வலுவான விளக்கமாகப் படுகிறது.

இதற்கு மறுப்பாக அட்டாசிசெப்ட் மருந்தைக் காட்டுவார்கள். அதுவும் பி செல் வரிசையைத்தான் குறிவைத்தது. நோயோ கூடியது, சோதனையை நிறுத்தவேண்டி வந்தது. நியாயமான கேள்விதான். ஆனால் அந்த மருந்து பிளாஸ்மா செல்களைக் குறைத்து, நினைவு பி செல்களை விட்டுவைத்தது. ஆன்டிபாடிதான் முதற்குற்றவாளி என்றால் அது பலித்திருக்க வேண்டுமே!