அளவுகோல் கோணலானால் பிள்ளையைக் குறை சொல்லலாமா?



"உளவியல் ஒரு விஞ்ஞானம், அதற்கு நிறம் தெரியாது" என்று ஆசிரியர் ஓய்வறையில் நாமே பலமுறை சொல்லியிருக்கிறோம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் கதையைப் படித்த பிறகு அப்படிச் சொல்ல எமக்கு வாய் வரவில்லை.

1851இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற வெள்ளை வைத்தியர், தப்பியோடும் அடிமைகளுக்கு ஒரு மனநோய் இருப்பதாக எழுதினார். அதற்கு 'டிராபெட்டோமேனியா' என்று பெயரும் வைத்தார். அவர் சொன்ன வைத்தியத்தில் சவுக்கடியும் ஒன்று. அடிமைப்படுத்தியவனுக்கு நோயில்லை, விடுதலை தேடியவனுக்குத்தான் நோயாம்!

பழைய கதை என்று தள்ளிவிட வேண்டாம். 1970களில் கலிபோர்னியாவில் மாணவர்களில் பத்தில் ஒரு பங்கினரே கறுப்பினப் பிள்ளைகள். ஆனால் 'மந்தபுத்தி' வகுப்புகளில் கால்வாசிப் பேர் அவர்கள். நுண்ணறிவுச் சோதனைதான் அவர்களை அங்கே அனுப்பியது. சில பிள்ளைகளைக் கறுப்பின உளவியலாளர்கள் மீண்டும் சோதித்தபோது, எல்லோருமே அந்த வகுப்புக்குரிய எல்லைப் புள்ளியைத் தாண்டினார்கள். 1979இல் நீதிமன்றமும் பிள்ளைகளின் பக்கமே தீர்ப்பளித்தது.

இன்றும் அந்நாட்டில் 'மனச்சிதைவு' என்ற முத்திரை வெள்ளையரை விடக் கறுப்பினத்தவருக்கே அதிகம் குத்தப்படுகிறது. அவர்களின் மனச்சோர்வோ பல நேரம் கண்ணில் படுவதில்லை. 1892இல் தொடங்கிய அமெரிக்க உளவியல் சங்கம், இனவாதத்தில் தனக்கிருந்த பங்குக்கு மன்னிப்புக் கேட்டது 2021இல்தான்.

"அதனால்தான் சொல்கிறோம், உளவியலே வேண்டாம், ஓதிப் பார்த்தால் போதும்" என்று சிலர் கிளம்புவார்கள். இல்லை சகோதரர்களே! கறுப்பின உளவியலாளர்கள் துறையை விட்டு ஓடவில்லை. 1968இல் தமக்கெனச் சங்கம் அமைத்து, உள்ளே நின்று கேள்வி கேட்டார்கள். நாமும் துஆக் கேட்போம், வைத்தியரிடமும் போவோம், விளங்காததைக் கேட்கவும் செய்வோம்.

இப்போது எம்மையே கேட்போம். மேடையில் பிலால் (ரழி) அவர்களின் வரலாற்றைச் சொல்லிக் கண்கலங்கும் நாம், வகுப்பில் ஒரு பிள்ளையின் நிறத்தை வைத்துப் பட்டப்பெயர் சொல்லும்போது சிரித்துவிட்டுக் கடப்பதில்லையா? கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைக்கு, ஒரு தவணைப் பரீட்சைப் புள்ளியைப் பார்த்து "மண்டையில் ஒன்றுமில்லை" என்று முத்திரை குத்துவதில்லையா? அந்த முத்திரையைப் பிள்ளை வீட்டுக்கும் கொண்டுபோகிறது, வாழ்நாள் முழுக்கவும் சுமக்கிறது.

அடுத்த முறை அந்தச் சொல் நாக்கு நுனிக்கு வரும்போது ஒரு நிமிடம் நிறுத்துவோம். பிள்ளைக்குப் பாடம் விளங்கவில்லையா, எமக்குப் பிள்ளையை விளங்கவில்லையா?