ஓடப் பழகுமுன் நிற்கப் பழகட்டும்

மே மாத விடுமுறை வந்துவிட்டால், ஊருக்குப் போகிற நம் குடும்பங்கள் தாதரிலோ குர்லாவிலோ ரயிலேறிவிடுகின்றன. போக முடியாத வீடுகளில் பிள்ளைகள் நாள் முழுவதும் என்ன செய்கிறார்கள்? மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டுகிறார்கள்! தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் அண்ணனின் கைப்பேசியில், செம்பூரில் கணிப்பொறியில், மாதுங்காவில் தொலைக்காட்சியோடு இணைத்த விளையாட்டுக் கருவியில். கருவிகள் வேறானாலும் ஆசை ஒன்றுதான்.

இதைப் பார்க்கும் பெற்றோர்களில் இரண்டு வகையினர் உண்டு. ஒரு சாரார் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டுகிறார்கள். மறு சாரார், "வெயிலில் அலையாமல் வீட்டில் இருக்கிறானே, அதுவே போதும்" என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டுமே சரியல்ல என்பது என் கருத்து. பூட்டினால் பக்கத்து வீட்டுக் கைப்பேசி இருக்கிறது. விட்டுவிட்டால், பிள்ளை எந்த விளையாட்டில் தொடங்குகிறான் என்பதே நமக்குத் தெரியாமல் போகிறது. எதில் தொடங்குகிறான் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இன்று தகப்பன்மாராக இருக்கும் பலர் 'ரோடு ராஷ்' விளையாடி வளர்ந்தவர்களே. 1991இல் வெளிவந்து, 1996இல் விண்டோஸ் கணிப்பொறிக்கு வந்த விளையாட்டு அது. பக்கத்தில் வருபவனைக் குத்தலாம், உதைக்கலாம், சங்கிலியால் அடிக்கலாம். கீழே விழுந்தால் எழுந்து ஓடிப்போய் வண்டியை எடுத்துக்கொள்ளலாம். அது வெறும் கேலிக்கூத்து என்று சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

கவலைக்குரியது வேறு வகை. 2016இல் வந்த 'டிராஃபிக் ரைடர்' என்ற கைப்பேசி விளையாட்டைப் பாருங்கள். மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் போய்க்கொண்டே மற்ற வண்டிகளை உரசுவதுபோல் முந்தினால் கூடுதல் மதிப்பெண். எதிர்த்திசையில் ஓட்டினால் கூடுதல் மதிப்பெண். முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டினாலும் அப்படியே. இதில் சங்கிலியும் இல்லை, கேலியும் இல்லை. சாலை நிஜச் சாலைபோலவே இருக்கிறது. சயான் - பன்வேல் நெடுஞ்சாலையில் எதையெல்லாம் செய்தால் உயிர் போகுமோ, அதற்கெல்லாம் இங்கே பரிசு கிடைக்கிறது. பத்து வயதில் இதைப் பழகிய கை, பதினாறு வயதில் மாமாவின் வண்டிச் சாவியைத் தேடினால் வியப்பென்ன?

அப்படியானால் எதில் தொடங்கலாம்? பந்தயத் தளத்தில் ஓடும் விளையாட்டில் தொடங்கட்டும். இத்தாலியின் மைல்ஸ்டோன் நிறுவனம் உருவாக்கும் 'மோட்டோ ஜிபி' அத்தகையது. இதில் வேகத்தைவிட முக்கியமானது பிரேக். முறுக்கிக்கொண்டே வளைவுக்குள் நுழைந்தவன் மணலில் கிடப்பான். எனவே தொடங்கும் முறையைச் சொல்லிக்கொடுங்கள்.

எடுத்தவுடனே பெரிய வண்டி வேண்டாம். மோட்டோ 3 என்ற சிறிய வண்டிப் பிரிவில் தொடங்கட்டும். ஒரே ஒரு தளத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் வளைவுகள் மனப்பாடம் ஆகும்வரை தனியாகச் சுற்றிவரட்டும். எங்கே வேகம் குறைக்க வேண்டும் என்று தரையில் நிறக்கோடு காட்டும் வசதி உண்டு. முதலில் அது இருக்கட்டும். ஆனால் தானாகவே பிரேக் பிடிக்கும் வசதியைச் சீக்கிரம் நீக்கிவிடுங்கள். அது இருக்கும்வரை பிள்ளை ஒன்றும் கற்கமாட்டான். வண்டி நிமிர்ந்து நேராக ஓடும்போதே பிரேக். வேகம் குறைந்த பிறகு சாய்வு. வளைவின் முடிவு கண்ணுக்குத் தெரிந்த பிறகே முறுக்கல். இந்த வரிசை கைக்கு வந்துவிட்டால் பாதி வெற்றி. முதல் இலக்கு முதலிடம் அல்ல. விழாமல் பத்துச் சுற்று.

ஒரு பொத்தானை மட்டும் தொடவே கூடாது என்று கண்டிப்புடன் சொல்லுங்கள். விழுந்தபின் காலத்தைப் பின்னோக்கி ஓட்டி, விழாததுபோல் ஆக்கும் பொத்தான் அது. நம் தெருவில் எந்த வண்டியிலும் அப்படி ஒரு பொத்தான் கிடையாது.

தெருவைப் பற்றியும் பேசியாக வேண்டும். செம்பூரிலிருந்து தெற்கே போகும் கிழக்கு விரைவுச் சாலையிலும், பாந்த்ரா - வொர்லி கடற்பாலத்திலும், 2024இல் திறக்கப்பட்ட கடற்கரைச் சாலையிலும் இருசக்கர வண்டிகளுக்கு அனுமதி இல்லை. அகன்ற வெற்றுச் சாலை என்று இரவில் அங்கே நுழைவது வீரமல்ல. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமோ பெற்றோரையே பிடிக்கிறது. வயது நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயதுவரை ஓட்டுநர் உரிமம் கிடையாது. இங்கே ஓட்டுநராகவும் பொருள் கொண்டுசேர்ப்பவராகவும் உழைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு அந்த உரிமம் எவ்வளவு பெரிய சொத்து என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உண்மையிலேயே வேகத்தில் திறமை உள்ளவனுக்கு வழி இல்லாமலா இருக்கிறது? சோழவரம் விமானத் தளத்தில் பந்தயம் நடத்திய மரபு நம்முடையது. 1990இல் திறக்கப்பட்ட இருங்காட்டுக்கோட்டைத் தளம் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ளது. 2011இல் உலகப் போட்டியின் 125 சிசி பிரிவில் களமிறங்கிய முதல் இந்தியரான சரத்குமார் சென்னைக்காரர். 2023 செப்டம்பரில் மோட்டோ ஜிபியே நொய்டா அருகிலுள்ள புத் தளத்துக்கு வந்து சென்றது. ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில், இருங்காட்டுக்கோட்டையில் நடந்த போட்டியில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் விழுந்து உயிரிழந்தான். தலைக்கவசம், தோல் உடை, மருத்துவ உதவி என எல்லா ஏற்பாடும் உள்ள தளத்திலேயே இந்த நிலை என்றால், தொண்ணூறு அடி சாலையில் வெறுந்தலையோடு போகிறவனின் கதி என்ன?

நம் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். பட்டிமன்றமும் கோலப்போட்டியும் நடக்கட்டும். விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளுக்குத் தளப்பந்தய வீடியோ கேம் போட்டி ஒன்றும் நடத்துங்கள். விழுந்தால் அந்தச் சுற்று கணக்கில் இல்லை என்று விதி வையுங்கள். கருவி வாங்க வசதியில்லாத தாராவிப் பிள்ளையும், வசதியுள்ள மாதுங்காப் பிள்ளையும் ஒரே திரையின் முன் உட்காரட்டும். நம்மவரில் நீண்டகாலம் விபத்தின்றி வண்டி ஓட்டிய ஒருவரை அழைத்து, பத்து நிமிடம் பேசச் சொல்லுங்கள்.

தகப்பன்மாருக்கும் ஒரு சொல். மும்பையில் பின்னால் உட்காருபவரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்பதை 2022 ஜூனிலிருந்து போக்குவரத்துக் காவல்துறை கண்டிப்பாக்கியது. நீங்களோ பிள்ளையை வெறுந்தலையோடு பின்னால் ஏற்றி, பள்ளிக்கு நேரமாகிவிட்டதென்று சிக்னலைத் தாண்டுகிறீர்கள். மாலையில் அவன் கையிலுள்ள விளையாட்டைக் குறை சொல்கிறீர்கள். அவன் முதலில் விளையாடக் கற்றது உங்கள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துதான். நாளைக் காலை இரண்டு தலைக்கவசங்களோடு வீட்டைவிட்டுக் கிளம்புங்கள்.