கருவி முதலா, கைவேலை முதலா?

அக்டோபர் 31-ஆம் நாள் இரவை அயர்லாந்து, அமெரிக்கா போன்ற நாடுகளில் 'ஹாலோவீன்' என்று கொண்டாடுகிறார்கள். பேய் வேடமிட்ட சிறுவர்கள் வீடு வீடாகச் சென்று மிட்டாய் கேட்பார்கள். "பேய்க்கும் நமக்கும் என்ன தொடர்பு?" என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். நவம்பர் 1-ஆம் நாள் நாம் கொண்டாடும் புனிதர் அனைவர் பெருவிழாவுக்கு முந்திய மாலை என்பதே அப்பெயரின் பொருள்.

அன்று வாசலில் வைக்கும் ஆவி, எலும்புக்கூடு, கல்லறைக் கல் முதலியவற்றைக் கடையில் வாங்குவோர் பலர். கையால் செய்வோர் சிலர். அமெரிக்காவில் வாழும் என் பெரியம்மா மகள் இரண்டாம் வகை. சென்ற ஆண்டு, "உனக்கு ஆணி அடிக்கத் தெரியுமா?" என்று அவள் தம்பி கேலி செய்தானாம். ரோஷத்தில் அக்கா, தன் சேமிப்பையெல்லாம் கொட்டி மின்சார ரம்பமும் தெளிப்பு வண்ணமும் வாங்கிவிட்டாள். என்ன செய்வது என்று அதன் பிறகே யோசித்தாள். தெர்மோகோலில் கல்லறைக் கல் வெட்டி வண்ணத்தைத் தெளித்தாள். பலகை குழி குழியாகக் கரைந்து போயிற்று! அவ்வண்ணத்திலிருந்த கரைப்பானுக்குத் தெர்மோகோலைக் கரைக்கும் தன்மை உண்டு. நீரில் கலக்கும் வண்ணத்தைத் தூரிகையால் பூசியிருந்தால் கல் பிழைத்திருக்கும். ரம்பமோ பெட்டியிலேயே தூங்கியது.

செய்யப்போகும் பொருளை முதலில் தீர்மானித்து, அது கேட்கும் கருவியை மட்டுமே தேட வேண்டும் என்பது என் கருத்து. அயர்லாந்து மக்கள் முற்காலத்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்தே விளக்குச் செய்தார்கள். மாயோ மாவட்டத்திலுள்ள அந்நாட்டுத் தேசிய அருங்காட்சியகத்தில் அத்தகைய விளக்கு ஒன்றின் வார்ப்பு இருக்கிறது. அமெரிக்காவில் குடியேறியோர் குடைவதற்கு எளிதான பரங்கிக்காயைக் கைக்கொண்டார்கள். அதற்கு ஒரு பெரிய கரண்டியும் பல் வைத்த சிறு கத்தியும் போதும். மூடியைச் சாய்வாக வெட்ட வேண்டும். நேராக வெட்டினால் உள்ளே விழுந்துவிடும். மெழுகுவர்த்திக்குப் பதில் பாட்டரி விளக்கு வைப்பது நல்லது.

இன்னும் எளியது ஆவி. ஊதிய பலூனைக் குப்பியின் வாயில் ஒட்டி, கெட்டியான கஞ்சியில் நனைத்த மெல்லிய வலைத்துணியை அதன்மேல் போர்த்த வேண்டும். நன்றாகக் காய்ந்ததும் பலூனை உடைத்துக் குப்பியை எடுத்துவிட்டால் துணி தானே நிற்கும். நம் அம்மா புடைவைக்குக் கஞ்சி போடும் அதே வித்தைதான்! கத்தரிக்கோலும் ஒரு பாத்திரமும் இதற்குப் போதும். மைதாப் பசையில் நனைத்த செய்தித்தாள் துண்டுகளைப் பலூன்மேல் அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்தால் மண்டையோடும் தயார்.

விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பார்கள். ஆனால் விரல் என்றும் சிறியதாகவே இருக்க வேண்டுமா? பெற்றோரிடம் எனக்கொரு விண்ணப்பம் உண்டு. வீட்டில் சுத்தியலும் குறடும் அண்ணன் தம்பிக்கு, ஊசியும் நூலும் எங்களுக்கு என்று பிரிக்காதீர்கள். அருகிலிருந்து கற்றுக்கொடுத்தால் நாங்களும் கற்போம். முறையாகக் கற்றிருந்தால், அக்கா ரோஷத்துக்காக ரம்பம் வாங்கியிருக்க மாட்டாள்.

இவ்வாண்டு அவள் கஞ்சித் துணியில் மூன்று ஆவிகள் செய்தாள். நான்காவதைச் செய்தவன் யார் தெரியுமா? கேலி செய்த அதே தம்பி, அவளிடம் கேட்டுக் கற்றுக்கொண்டு!

– பத்தாம் வகுப்பு மாணவி