பெயரைப் பார்க்காதே... பொருத்தத்தைப் பார்!



ஆகஸ்ட் மாதம் நெருங்கினால் போதும். என் பேரனும் அவனுடைய நண்பர்களும் எங்கள் வீட்டுத் திண்ணையில் கூடிவிடுவார்கள். இங்கிலாந்தின் பிரிமியர் லீக் கால்பந்துப் போட்டி தொடங்கப் போகிறதல்லவா! எந்த அணி யாரை வாங்கியது, எத்தனை கோடி கொடுத்தது என்று ஒரே வாக்குவாதம்.

"எங்க டீம்தான் ஸ்ட்ராங்!"

"போடா, எங்க ஆளு ஒருத்தன் போதும், உங்க டீமைச் சுருட்ட!"

நான் ஓய்வு பெற்ற ஆசிரியன். சண்டையை விலக்கி வைப்பதே முப்பது ஆண்டுகள் என் வேலையாக இருந்தது. எனவே இந்தச் சண்டையிலும் தலையிட்டேன். "ஓர் அணி பலமானதா இல்லையா என்று, போட்டி தொடங்கும் முன்பே எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?" என்று கேட்டேன். "பெரிய ஆளுங்க இருக்காங்களான்னு பாப்போம் தாத்தா" என்றார்கள்.

அது தவறு என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

பிரிமியர் லீக்கில் 20 அணிகள். ஒவ்வோர் அணியும் மற்ற ஒவ்வோர் அணியோடும் இரண்டு முறை மோதும். ஆக மொத்தம் 38 ஆட்டங்கள். முடிவில் அதிகப் புள்ளி பெற்ற அணி சாம்பியன். கடைசி மூன்று இடத்தில் இருப்பவை கீழ்ப் பிரிவுக்கு இறக்கப்படும்.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் லெஸ்டர் என்று ஒரு நகரம் இருக்கிறது. அந்த ஊர் அணியான லெஸ்டர் சிட்டி 1884-இல் தொடங்கப்பட்டது. 2015 வரை ஒருமுறைகூட அது நாட்டின் முதல் பிரிவில் சாம்பியன் ஆனதில்லை. 2014-15 சீசனில் நான்கு மாதங்களுக்கும் மேலாகப் பட்டியலின் கடைசி இடத்தில் கிடந்தது. கடைசி 9 ஆட்டங்களில் 7-ஐ வென்று, எப்படியோ 14-ஆம் இடத்துக்கு ஏறித் தப்பித்தது.

2015 ஜூன் கடைசியில் அதன் பயிற்சியாளரை நீக்கிவிட்டார்கள். முந்தைய சீசனில் அருமையாக ஆடிய அர்ஜென்டினா வீரர் கம்பியாசோவும் விலகிப் போனார். ஜூலை நடுவில் புதிய பயிற்சியாளராக வந்தவர் இத்தாலியரான கிளாடியோ ரனியேரி. அவருக்கு வயது 63. அதற்கு முன் கிரீஸ் நாட்டு அணிக்குப் பயிற்சியாளராக இருந்து, ஃபரோ தீவுகள் என்ற மிகச் சிறிய நாட்டிடம் தோற்றதால் வேலையை இழந்தவர். "இவரா?" என்று ஊரே உதட்டைப் பிதுக்கியது. பந்தயம் கட்டும் நிறுவனங்கள், லெஸ்டர் சாம்பியன் ஆனால் ஒன்றுக்கு 5,000 தருவதாக அறிவித்தன. (பந்தயம் கட்டுவது கெட்ட பழக்கம். நாம் கணக்கை மட்டும் பார்ப்போம்!) நடக்கவே நடக்காது என்று நினைப்பவர்கள்தானே அப்படி அறிவிப்பார்கள்?

சரி, சீசன் தொடங்கும் முன் அந்த அணியில் யார் யார் இருந்தார்கள்? வருகைப் பதிவேட்டைத் திறப்போமா?

ஜேமி வார்டி, முன்கள வீரர். உயரம் போதாது என்று 16 வயதில் ஒரு கிளப் அவரை வெளியே அனுப்பியது. பிறகு, கை கால்களுக்கான தாங்கிகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே சின்ன அணி ஒன்றில் ஆடினார். அங்கே வாரச் சம்பளம் 30 பவுண்டு. 25 வயதில்தான் லெஸ்டருக்கு வந்தார். மின்னல் வேகம்!

ரியாத் மஹ்ரெஸ், ஓரக்கள வீரர். ஒல்லிக்குச்சி. பிரான்சின் இரண்டாம் பிரிவு அணியிலிருந்து 5 லட்சம் பவுண்டுக்கும் குறைவான விலைக்கு வந்தவர். லெஸ்டர் கூப்பிட்டபோது, அது ரக்பி அணி என்று நினைத்தாராம்! ஆனால் பந்து அவர் காலில் பசை போட்டதுபோல ஒட்டிக்கொள்ளும்.

வெஸ் மார்கன், கேப்டன். ராபர்ட் ஹூத், அவருடைய ஜோடி. இருவரும் தடுப்பாட்டக்காரர்கள். மலை மாதிரி உடம்பு. தலைக்கு மேலே வரும் பந்து எதையும் விடமாட்டார்கள். ஆனால் ஓட்டத்தில் மெதுவானவர்கள்.

டேனி டிரிங்க்வாட்டர், நடுக்கள வீரர். புகழ்பெற்ற மான்செஸ்டர் யுனைடெட் அணியின் பயிற்சிப் பிரிவில் வளர்ந்தும், அங்கே இடம் கிடைக்காதவர். தூரத்தில் ஓடுகிறவரின் காலடியில் போய் விழும்படி பந்தை அடிக்கத் தெரிந்தவர்.

மார்க் ஆல்பிரைட்டன், மற்றோர் ஓரக்கள வீரர். பழைய அணி ஒப்பந்தத்தை நீட்டிக்காததால் இலவசமாக வந்தவர். ஓடச் சொன்னால் ஓடிக்கொண்டே இருப்பார்.

காஸ்பர் ஷ்மைக்கேல், கோல் கீப்பர். அப்பா பீட்டர் ஷ்மைக்கேல் உலகப் புகழ்பெற்ற கோல் கீப்பர். 'அப்பாவைப் போல வருவாரா?' என்ற கேள்வியைச் சிறுவயது முதல் சுமந்தவர்.

கடைசியாக ஒருவர். சீசன் தொடங்கச் சில நாட்களே இருந்தபோது, பிரான்சிலிருந்து 56 லட்சம் பவுண்டுக்கு வந்தவர் எங்கோலோ கான்ட்டே. உயரம் ஐந்தரை அடிதான். கூச்ச சுபாவம். வீரர்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் பொறுப்பில் இருந்த ஸ்டீவ் வால்ஷ், "இவரை வாங்குங்கள்" என்று விடாமல் நச்சரித்ததால் வந்தவர்.

அதே கோடையில் மான்செஸ்டர் சிட்டி அணி, ரஹீம் ஸ்டெர்லிங் என்ற ஒரே வீரருக்கு 4 கோடிப் பவுண்டுக்கு மேல் கொடுத்தது. அந்தப் பணம் இருந்தால், லெஸ்டரின் வழக்கமான பதினோரு பேரையும் வாங்கிவிட்டு மீதியை உண்டியலில் போட்டிருக்கலாம்!

இப்போது நீங்களே சொல்லுங்கள். இந்தப் பட்டியலைப் பார்த்து, 'இது சாம்பியன் அணி' என்று யாராவது சொல்வார்களா? என் பேரன் சொல்லமாட்டான். நானும் சொல்லியிருக்கமாட்டேன்.

ஆனால் பட்டியலை மேலிருந்து கீழே படிக்காமல், ஒருவருக்குப் பக்கத்தில் ஒருவரை நிற்கவைத்துப் பாருங்கள்.

மார்கனும் ஹூத்தும் மெதுவானவர்கள். ஆகவே அவர்களை முன்னே ஓடவிடாமல் கோலுக்கு அருகிலேயே நிறுத்தினார் ரனியேரி. அவர்களுக்கு முன்னால் இருக்கும் வெற்றிடத்தை யார் காப்பது? கான்ட்டே! அந்தச் சீசனில் லீக்கிலேயே அதிக முறை எதிரணியின் காலிலிருந்து பந்தைப் பறித்தவர் அவர்தான். பறித்த பந்தை டிரிங்க்வாட்டரிடமோ மஹ்ரெஸிடமோ கொடுப்பார். அவர்கள் தூக்கி அடிப்பார்கள். அங்கே வார்டி ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருப்பார். வார்டி ஓடுவதற்குத் திறந்தவெளி வேண்டுமே? லெஸ்டர் பின்வாங்கி நிற்பதால் எதிரணி முழுவதும் முன்னேறி வந்துவிடும். அவர்களுக்குப் பின்னால் மைதானமே காலி!

பார்த்தீர்களா? இரண்டு பேரின் மெதுவான கால்கள் என்ற குறையே, இன்னொருவரின் வேகத்துக்கு வழி திறந்துவிட்டது. அவர்களின் ஆட்டங்களில் பந்து பெரும்பாலும் எதிரணியிடமே இருந்தது. வெற்றிதான் இவர்களிடம் வந்து சேர்ந்தது.

ரனியேரி வந்ததும் எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றவில்லை. இருப்பவர்கள் யார், அவர்களுக்கு என்ன வரும், என்ன வராது என்று பார்த்தார். பழைய உதவியாளர்களையும் வைத்துக்கொண்டார். முதல் ஒன்பது ஆட்டங்களிலும் லெஸ்டர் கோல் வாங்கிக்கொண்டே இருந்தது. "ஒரு கோல்கூட வாங்காமல் ஆடுங்கள், பீட்சா வாங்கித் தருகிறேன்" என்றார் ரனியேரி. பத்தாவது ஆட்டத்தில் கிரிஸ்டல் பேலஸ் அணியை 1-0 என்று வென்றார்கள். பீட்சா கடைக்கும் போனார்கள். அங்கே என்ன ஆயிற்று தெரியுமா? "மாவைப் பிசைந்து, உங்கள் பீட்சாவை நீங்களே செய்து சாப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டார்! சேர்ந்து வேலை செய்ய அதுவும் ஒரு பாடம்தானே?

அதன்பின் நடந்தது சரித்திரம். வார்டி தொடர்ந்து 11 லீக் ஆட்டங்களில் கோல் அடித்தார். சீசன் முழுவதும் அவர் அடித்தது 24 கோல், மஹ்ரெஸ் 17. கேப்டன் மார்கன் 38 ஆட்டங்களிலும் ஒரு நிமிடம் விடாமல் ஆடினார். 2016 மார்ச், ஏப்ரல் மாதங்களில் அடுத்தடுத்து நான்கு ஆட்டங்களை 1-0 என்றே வென்றார்கள். 2016 மே 2-ஆம் தேதி லெஸ்டர் சாம்பியன் என்பது உறுதியானது. மொத்தம் 81 புள்ளி. இரண்டாம் இடம் பெற்ற ஆர்சனலைவிட 10 அதிகம். தோற்றது மூன்றே ஆட்டங்கள்!

லெஸ்டரில் பிறந்த முன்னாள் வீரர் கேரி லினேகர், "இந்த அணி சாம்பியன் ஆனால் டிவி நிகழ்ச்சியை உள்ளாடையோடு நடத்துகிறேன்" என்று விளையாட்டாகச் சொல்லி வைத்திருந்தார். அடுத்த சீசன் தொடக்கத்தில் சொன்னபடியே அரைக்கால் உள்ளாடையோடு வந்து உட்கார்ந்தார், பாவம்!

"தாத்தா, அதெல்லாம் அதிர்ஷ்டம்" என்றான் பேரனின் நண்பன் ஒருவன். அவன் சொல்வதிலும் நியாயம் உண்டு. அந்த ஆண்டு பெரிய அணிகள் தடுமாறின. லெஸ்டரின் முக்கிய வீரர்களுக்குப் பெரிய காயங்கள் ஏற்படவில்லை. பணக்கார அணிகளே பெரும்பாலும் கோப்பையை வெல்கின்றன என்பதும் உண்மை. ஆனால் அதிர்ஷ்டம் மட்டும்தானா? இரண்டு செய்திகளைப் பாருங்கள்.

ஒன்று: 2014-15 சீசனின் சாம்பியன் செல்சீ. பெரிய பெயர்கள் நிறைந்த அணி. ஏறக்குறைய அதே வீரர்களோடு ஆடி, 2015-16 சீசனில் 10-ஆம் இடத்துக்குப் போனது. ஆட்கள் இருந்தார்கள், இணக்கம் இல்லை.

இரண்டு: 2016 கோடையில் கான்ட்டே செல்சீக்குப் போய்விட்டார். லெஸ்டர் 2.5 கோடிப் பவுண்டுக்கும் மேல் கொடுத்து இஸ்லாம் ஸ்லிமானி என்ற முன்கள வீரரை வாங்கியது. அதுவரை அந்த அணி எவருக்கும் அவ்வளவு கொடுத்ததில்லை. ஆனால் கான்ட்டே விட்டுப்போன இடம் நிரம்பவில்லை. அடுத்த சீசனில் லெஸ்டர் 12-ஆம் இடம். ரனியேரியையும் பாதியிலேயே நீக்கிவிட்டார்கள். கான்ட்டே போய்ச் சேர்ந்த செல்சீயோ சாம்பியன்! 2018-இல் பிரான்ஸ் உலகக் கோப்பையை வென்றபோதும் அந்த அணியில் அவர் இருந்தார். மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது!

கோல் அடித்தவர்களின் படம் பத்திரிகையில் பெரிதாக வரும். பந்தைப் பறித்துக் கொடுத்தவரின் அருமை, அவர் இல்லாதபோதுதான் தெரியும்.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் தெரியுமா? நானே இந்தத் தவற்றைச் செய்தவன். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், ஓர் ஆண்டு கால்பந்து அணியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. கோல் அடிப்பதில் பெயர் வாங்கிய பையன்களாகப் பார்த்து எடுத்தேன். எல்லோரும் கோல் அடிக்க முன்னே ஓடினார்கள். பின்னே நிற்க ஆளில்லை. 0-5 என்று தோற்றோம். தினமும் பந்துப் பையைத் தூக்கிவரும் மாணவன் ஒருவன், அன்றும் வரப்போரம் உட்கார்ந்திருந்தான். மறுநாள் சும்மா அவனைக் கோலுக்கு முன்னால் நிற்கச் சொன்னேன். ஒரு பந்துகூட அவனைத் தாண்டவில்லை. "ஏன்டா, உனக்கு ஆட வரும்னு சொல்லவே இல்லையே?" என்றேன். "நீங்க கேக்கவே இல்லையே சார்" என்றான். அந்தப் பதில் இன்றும் என் காதில் ஒலிக்கிறது.

எனவே புதிய சீசன் தொடங்கும் முன் எந்த அணியின் பட்டியலைப் பார்த்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் ஏற்ற ஆள் இருக்கிறாரா? ஒருவரின் குறையை இன்னொருவர் நிரப்புகிறாரா? முன்பு இருந்தவர் போய்விட்டால், அவர் செய்த வேலையை இனி யார் செய்வார்? இவற்றுக்குப் பதில் இருந்தால் அது பலமான அணி. இல்லாவிட்டால், கோடிக் கணக்கில் கொட்டியும் பயனில்லை.

உங்கள் தெரு அணிக்கும் இதே கேள்விகள்தான். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது 'உத்தி' பிரிப்போம். சமமாக ஆடும் இருவர் தனியே போய் ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். தலைவன் பெயரைத்தான் கேட்பான், ஆள் யாரென்று அவனுக்குத் தெரியாது. 'உன்னை வேண்டாம்' என்று யாரையும் ஒதுக்க முடியாது. இப்போதோ பெரிய ஆட்டக்காரர்களை முதலில் எடுத்துக்கொண்டு, கடைசியாக ஒரு பிள்ளையைத் தலைகுனிந்து நிற்கவைத்துவிடுகிறீர்கள்.

நாளை மாலை அப்படி ஒருவன் நின்றால், அவனிடம் போய், "உனக்கு எந்த இடத்தில் ஆட வரும்?" என்று கேளுங்கள். நான் கேட்க மறந்ததை நீங்கள் கேளுங்கள் செல்லங்களே!