விழிப்புணர்வு யாருக்கு இல்லை?

பருத்தியில் இளஞ்சிவப்பு காய்ப்புழு திரும்பி வந்ததைப் பற்றி யார் பேசினாலும் கடைசியில் ஒரு வாக்கியத்தில் வந்து நிற்பார்கள்: "விவசாயிகளுக்கு விழிப்புணர்வு போதவில்லை." கேட்டாலே எரிச்சல் வருகிறது. கணக்குப் போடத் தெரியாதவர் சொல்வது இது. அல்லது கணக்கு நன்றாகவே தெரிந்தவர்.

நடந்தது இதுதான். 2002இல் இந்தியாவில் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது. புழுவைக் கொல்லும் புரதத்தைச் செடியே தயாரித்துக்கொள்ளும். ஆரம்ப வருடங்களில் மருந்தடிப்பது உண்மையாகவே குறைந்தது. அதையும் மறுப்பவர்களோடு நான் சேரமாட்டேன். 2006இல் இரண்டு புரதங்களோடு போல்கார்ட் 2 வந்தது. 2010இல், குஜராத்தின் நான்கு மாவட்டங்களில் முதல் புரதத்தைப் புழு தாங்கிக்கொள்கிறது என்று மான்சான்டோவே அறிவித்தது. கூடவே, போல்கார்ட் 2 அங்கே நன்றாக வேலை செய்வதாகவும் சொன்னது. சில வருடங்களில் புழு அதையும் தாண்டியது. 2017இல் மகாராஷ்டிராவில் காயைப் பிளந்தால் உள்ளே புழு.

இப்படி ஆகும் என்று முதல் நாளே தெரியும். அதற்கான தடுப்பும் விதைப் பையோடேயே வந்தது: 450 கிராம் பி.டி. விதையோடு 120 கிராம் சாதா விதை. வயலைச் சுற்றி ஐந்து வரிசை அல்லது பரப்பில் 20 சதவீதம், எது அதிகமோ அந்த அளவுக்கு விதைக்க வேண்டும். புகலிடப் பயிர் என்று பெயர். அதில் பிழைக்கும் சாதாப் பூச்சிகள், பி.டி. செடியில் தப்பிய ஒன்றிரண்டோடு இணைசேரும். பிறக்கிற புழுக்களில் பெரும்பாலானவை பி.டி.யைத் தின்று சாகும். அறிவியலில் குறை ஒன்றும் இல்லை. பெரும்பாலானோர் அந்த விதையைப் போடவில்லை, அவ்வளவுதான்.

ஏன் போடணும்? ஐந்து ஏக்கர் வைத்திருப்பவர் ஒரு ஏக்கரைப் புழுவுக்கு விட வேண்டும். அங்கே வளரும் பூச்சி பறந்துபோய் ஊரில் எல்லார் வயலையும் காப்பாற்றும், அதுவும் சில வருடம் கழித்து. அவர் மட்டும் விதைத்தால் நட்டம் அவருக்கு, பலன் ஊருக்கு. ஊரே விதைத்து அவர் மட்டும் விட்டுவிட்டால் பலன் அவருக்கு, நட்டம் ஊருக்கு. நல்ல விழிப்புணர்வு உள்ள ஆள்தான் அந்தப் பொட்டலத்தைத் தூக்கிப் போடுவார்!

நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். பயனர் தன் கைக்காசை இழந்து ஒரு பட்டனை அழுத்தினால்தான் மொத்த சிஸ்டமும் தாக்குப்பிடிக்கும் என்று ஒரு டிசைனைக் கொண்டுபோனால், ரிவ்யூவில் முதல் ஐந்து நிமிஷத்தில் என்னைக் கிழித்துவிடுவார்கள். இங்கே அந்த டிசைனுக்கு அரசு அனுமதி கிடைத்தது. சாதா விதையைப் பைக்குள்ளேயே கலந்து விற்கும் முறை வெகுகாலம் கழித்துத்தான் வந்தது. அதற்குள் புழு ஜெயித்துவிட்டது.

புழு மருந்துக்குச் சாகிறது என்பதே ஒரு பொதுச் சொத்து, ஊர் ஏரி மாதிரி. விதை நிறுவனங்கள் அதை இறைத்து விற்றன. கரை கட்டும் வேலையை மட்டும் ஒவ்வொரு விவசாயியும் தன் ஏக்கரைக் கொடுத்துச் செய்ய வேண்டும் என்றார்கள்.

இதே புழுவைப் பருத்தி வயல்களிலிருந்து ஒழித்துவிட்டதாக 2018இல் அமெரிக்கா அறிவித்தது. அரிசோனாவில் ஆரம்பத்தில் புகலிடப் பயிரை ஒழுங்காக விதைத்தார்கள். 2006 முதல் மலடாக்கிய அந்துப்பூச்சிகளை விமானத்திலிருந்து கொட்டினார்கள், நான்கே வருடத்தில் 200 கோடிக்கு மேல். அங்கே பண்ணைகள் பெரியவை, ரகங்கள் வேறு; எல்லாம் தெரியும். ஆனால் அந்த விமானத்துக்கான செலவைத் தனி விவசாயி ஒருவர் தலையில் கட்டவில்லை. விவசாயிகள் சேர்ந்து போட்ட நிதியும் அரசுப் பணமும் அதைச் சுமந்தன. நம்மிடம் நிலம் துண்டுதுண்டாக இருப்பது, பொதுப்பணம் வர வேண்டும் என்பதற்கு இன்னும் வலுவான காரணம்.

பி.டி. கைவிட்டதும் விவசாயி பழையபடி மருந்துப் புட்டிக்குத் திரும்புகிறார். அங்கே காத்திருக்கும் கணக்கு இன்னும் மோசம். உதாரணத்துக்கு, மருந்தும் கூலியும் சேர்த்து ஒரு தெளிப்புக்கு 1000 ரூபாய், புழு தின்னப்போவது 2000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மருந்து 90 சதவீதம் சேதத்தைத் தடுத்தால் 1800 மிஞ்சும், அடிப்பது லாபம். 40 சதவீதம்தான் என்றால் 800. அடித்தால் 200 நட்டம். அதாவது, எதிர்ப்புத்திறன் கூடக் கூட மருந்தடிப்பது குறைய வேண்டும். வயலில் நடப்பதோ நேர் எதிர். கேட்கவில்லையா, இன்னொரு தடவை அடி. அதுவும் கேட்கவில்லையா, இரண்டைக் கலந்து அடி. ஏனென்றால் அந்த 90 எப்போது 40 ஆனது என்பதை யாரும் அவரிடம் சொல்வதில்லை.

2017இல் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் 20 பேருக்கும் மேல் நஞ்சேறிச் செத்தார்கள். பலர் கூலிக்கு அடிக்கப் போனவர்கள். அப்போதும் அதிகாரிகள் தரப்பில் கேட்ட பேச்சு, பாதுகாப்புக் கவசம் போடவில்லை என்பது.

புட்டியில் விலை இருக்கிறது, காலாவதித் தேதி இருக்கிறது. இந்த வட்டாரத்தில் இந்த வருடம் இந்த மருந்துக்கு எத்தனை சதவீதம் புழு சாகிறது என்பது மட்டும் இல்லை. எதிர்ப்புத்திறனைச் சோதிக்க நாக்பூரில் மத்திய பருத்தி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. விதைப்புக்கு முன்பே அந்த எண் மருந்துக்கடை வாசலில் மராத்தியிலும் குஜராத்தியிலும் தொங்கட்டும். உள்ளே இருக்கும் கடைக்காரர் மருந்தை விற்கிறார், எதை அடிப்பது என்று ஆலோசனை சொல்கிறார், பல ஊர்களில் கடனும் அவரே கொடுக்கிறார்.